கனமான இரும்பைப் பற்றவைக்க எவ்வளவு மின்சாரம் தேவை?

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பகுதிக் காப்பித் தோட்டங்களில் டிரெய்லர் கொக்கி முறிந்தாலும், பழம் உரிக்கும் மெஷினின் கால் விட்டுப்போனாலும் பழம் பறிக்கும் பருவத்தில் வேலை நின்றுவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் போய் வந்தால் ஒரு நாள் வீண். இதனால் வீட்டிலேயே ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிவைக்க விவசாயிகள் பலர் விரும்புவது இயல்பே.

10 மி.மீ. தகட்டை ஒட்டப் பெரிய மெஷின்தான் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். இது தேவையற்ற செலவு. தகட்டின் கனத்தைவிட, வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பார்த்தே மெஷினையும் ராடையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

12 நம்பர் ராடுக்கு (2.5 மி.மீ.) 60 முதல் 90 ஆம்பியர் போதும். 10 நம்பருக்கு (3.15 மி.மீ.) 90 முதல் 130, 8 நம்பருக்கு (4 மி.மீ.) 140 முதல் 180 ஆம்பியர் வரை வேண்டும். இவை ராடு முனையில் பாயும் அளவுகள். மீட்டரிலிருந்து இழுக்கும் அளவு வேறு. இன்வெர்ட்டர் மெஷின் 90 ஆம்பியரில் ஓடும்போது 230 வோல்ட் லைனில் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். ஆகவே வீட்டு பவர் பிளக்கில் 12 நம்பர் ராடோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 10 நம்பரை 120 ஆம்பியரில் ஓட்டினால் சுமார் 22 ஆம்பியர் ஆகும். அதற்கு மீட்டர் பலகையிலிருந்து 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியைத் தனியே இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் நல்ல எர்த்தும் வைக்க வேண்டும். பழைய டிரான்ஸ்பார்மர் செட் இதே வேலைக்கு ஒருமுனை மின்சாரத்தில் 40 ஆம்பியர் வரை கேட்கும். அது மும்முனைக்கு உரியது. 8 நம்பர் ராடும் அப்படியே.

அப்படியானால் கனமான தகடு? கிரைண்டரால் இரு ஓரங்களையும் சாய்வாகத் தேய்த்து 60 டிகிரி 'வி' பள்ளம் ஆக்க வேண்டும். நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு, முதல் அடுக்கை 12 நம்பரால் அடிவரை இறக்க வேண்டும். கசடைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்த பிறகே அடுத்த அடுக்கு. 10 மி.மீ. தகட்டுக்கு 10 நம்பர் ராடால் மேலும் மூன்று, நான்கு அடுக்குகள் ஆகலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பிடிப்பு அடிவரை இருக்கும். பள்ளம் வெட்டாமல் மேலாக ஒட்டிய கொக்கி, மலை ஏற்றத்தில் பாரத்தோடு கழன்றால் பின்னால் வருபவர் உயிருக்கே ஆபத்து.

கடைசிக் கம்பத்து வீடுகளில் மாலையில் வோல்ட்டேஜ் இறங்குவதுண்டு. பகலில் பற்றவைப்பது மேல். 2.5 சதுர மி.மீ. ஒயரை 50 மீட்டர் நீட்டி 22 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 16 வோல்ட் போய்விடும். சுருட்டியபடியே பயன்படுத்தினால் ஒயர் உருகும்.

வாங்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவைக் கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ள வேண்டும். பம்புசெட்டின் இலவச மின்சாரத்தை இதற்கு எடுப்பது விதிமீறல்.

மலை மூடுபனியில் ராடு ஈரம் உறிஞ்சும். பொரிந்து ஓட்டை விழும். காற்றுப் புகாத டின்னில் வைக்க வேண்டும். நனைந்த சாதாரண ராடை (6013) சுமார் 100 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்தி எடுக்கலாம்.