திருமயம்: மலை ஒன்று, கோயில் இரண்டு!

புதுக்கோட்டையில் இருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் போகிறவர்கள், சுமார் 20 கிலோ மீட்டர் தாண்டியதும் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். எதிரே ஒரு பாறை மலை. மலையைச் சுற்றி மதில். உச்சியில் கொத்தளம். அங்கே ஒரு பீரங்கி!

அதுதான் திருமயம்.

ஊர் சிறியது. ஆனால் அதன் சரித்திரம் பெரியது. 1,200 ஆண்டுகளுக்கும் முந்திய குகைக் கோயில்கள் இங்கே இருக்கின்றன. மதத் தகராறு ஒன்றைப் பேசித் தீர்த்த கதையைக் கல்வெட்டு சொல்கிறது. சென்னை நகரத்துக்குக் குடிதண்ணீர் தேடிய ஒரு தலைவர் பிறந்ததும் இங்கேதான்.

முதலில் பெயரைப் பார்ப்போம்.

"மெய்" என்றால் உண்மை. ஊரின் பழைய பெயர் திருமெய்யம். அதுவே மருவித் திருமயம் ஆயிற்று. "மெய்" என்பதை வடமொழியில் "சத்தியம்" என்பார்கள். ஆகவே மலைக்குச் சத்தியகிரி என்று பெயர். சிவன் பெயர் சத்தியகிரீசுவரர். பெருமாள் பெயர் சத்தியமூர்த்தி. இப்படி ஊர் முழுவதும் சத்தியமாகவே இருக்கிறது!

தூங்கும் பெருமாள்

மலையின் தென்புற அடிவாரத்தில் இரண்டு குகைக் கோயில்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று சிவனுக்கு, மற்றொன்று பெருமாளுக்கு. இரண்டும் பாறையைக் குடைந்து செய்தவை.

பெருமாள் குகைக்குள் போகிறவர்கள் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவார்கள். திருமால் பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கிறார். பின்னால் பாறைச் சுவரில் பிரம்மா, தேவர்கள், முனிவர்கள் என்று ஒரு கூட்டமே செதுக்கப்பட்டிருக்கிறது. "இது ஆதி ரங்கம். ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கும் மூத்தவர்" என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தச் சிற்பத்துக்கு ஒரு கதை உண்டு. மது, கைடபன் என்று இரண்டு அரக்கர்கள். பெருமாள் உறங்கும்போது தேவியரைத் தூக்கிச் செல்ல வந்தார்கள். ஆதிசேஷன் பார்த்தான். எஜமானரை எழுப்ப மனம் வரவில்லை. தானே விஷ மூச்சைக் கக்கினான். அரக்கர்கள் அலறி ஓடினார்கள்.

பிறகுதான் சேஷனுக்குப் பயம் வந்தது. "சுவாமியைக் கேட்காமல் செய்துவிட்டோமே! கோபித்துக் கொள்வாரோ?" என்று தலையை ஒடுக்கிக் கொண்டான். பெருமாள் கண் விழித்தார். கோபிக்கவில்லை. கையை நீட்டி அவனைத் தட்டிக் கொடுத்தார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பெருமாளின் கையைப் பாருங்கள். குழந்தைகளுக்குக்கூட உடனே புரிந்துவிடும்.

வைணவர்களின் 108 திருப்பதிகளில் இது ஒன்று. திருமங்கை ஆழ்வார் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். முத்தரையர் குலத் தலைவன் சாத்தன் மாறன் என்பவனின் தாயார், பெரும்பிடுகு பெருந்தேவி, இந்தக் கோயிலைப் புதுப்பித்து நிலம் விட்ட செய்தியும் கல்வெட்டில் இருக்கிறது. கோயிலைக் குடைவித்தவர் யார் என்பதில் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பழுது பார்த்த அம்மாளின் பெயரோ கல்லில் நிலைத்துவிட்டது!

யாருக்கு எவ்வளவு?

இரண்டு கோயில்களும் ஒரே பாறையில் அமைந்தவை. அதனால் தகராறு வந்தது.

சாமிகளுக்குள் தகராறு இல்லை. கோயில்காரர்களுக்குள்தான்! நிலத்து வருமானத்தில் சிவன் கோயிலுக்கு எவ்வளவு, பெருமாள் கோயிலுக்கு எவ்வளவு என்பதே வழக்கு. அது நெடுநாள் இழுத்துக் கொண்டே போயிற்று.

அப்போது போசள மன்னர்களின் கை தமிழ்நாட்டில் ஓங்கியிருந்தது. அவர்களுடைய தளபதி அப்பண்ண தண்டநாயகன் என்பவன் இந்தப் பக்கம் வந்திருந்தான். வாளோடு வந்தவன், வாளை உருவவில்லை. 1245-ம் ஆண்டு வாக்கில் நாட்டாரையும் ஊராரையும் இரண்டு கோயில் அதிகாரிகளையும் ஒரே இடத்தில் கூட்டினான். எல்லோரையும் வைத்துப் பேசி, வருமானத்தைப் பங்கிட்டு முடிவு செய்தான். முடிவைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

வெளியூர்க்காரன் செய்த பஞ்சாயத்து! இன்றும் இரண்டு கோயில்களும் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றைக் கும்பிட்டு வெளியே வந்து, நாலடி நடந்து மற்றதைக் கும்பிடலாம். இரண்டையும் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

அழிந்து போன இசை

சிவன் கோயிலில் வேறொரு பொக்கிஷம் இருந்தது. சங்கீதத்தைப் பற்றிய கல்வெட்டு.

இதே மாவட்டத்தில் குடுமியான்மலை என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறையில் இசைச் சுரங்களை வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அந்தக் கல்வெட்டைப் பார்க்க உலகெங்கும் இருந்து இசைப் புலவர்கள் வருகிறார்கள்.

அதே வகையைச் சேர்ந்தது திருமயத்துக் கல்வெட்டு. ஆனால் இங்கே பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சியவை சில எழுத்துக்களே. "பரிவாதினி" என்ற சொல்லைப் படிக்க முடிகிறது. அது ஒரு வீணையின் பெயர். வீணையின் பெயர் இருக்கிறது, பாட்டைக் காணோம்!

இந்த நஷ்டத்தை எந்த அரசாங்கத்தாலும் ஈடு செய்ய முடியாது.

பிரான்ஸ் தேசத்தில் வெஸ்லே என்று ஒரு குன்றின் மேல் சின்னக் கிராமம் இருக்கிறது. அங்கேயும் ஒரு பழைய கோயில், மாதா கோயில், இடிந்து விழும் நிலையில் கிடந்தது. 1834-ல் மெரிமே என்ற எழுத்தாளர் அதைப் பார்த்து அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார். 1840-ல் 26 வயது இளைஞர் ஒருவரிடம் பழுது பார்க்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. கோயில் பிழைத்தது. சில நூறு பேர் வாழும் அந்தக் கிராமத்துக்கு இன்று உலகமே யாத்திரை போகிறது.

திருமயம் கோட்டையை இப்போது மத்திய தொல்பொருள் துறை பாதுகாக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. 2010-ல் திருத்திய சட்டம் அப்படிச் சொல்கிறது. பாறையில் ஆணியால் காதலியின் பெயரை எழுதும் வாலிபர்களுக்கு இது தெரியுமோ, என்னவோ!

கட்டியது யார்?

கோட்டையை "ஊமையன் கோட்டை" என்று பலர் சொல்வார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயரால் வந்த வழக்கு அது. ஆனால் கோட்டையை எழுப்பியவர் ராமநாதபுரம் சேதுபதி. ஆண்டு 1687. ஊமைத்துரையின் போரோ 1801-ல் நடந்தது. இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது! வீரன்மேல் மக்கள் வைத்த அன்பு, கோட்டையையே அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

முன்பு ஏழு சுற்று மதில்களும் வெளியே அகழியும் இருந்தனவாம். பல சுற்றுகள் போய்விட்டன. பிறகு கோட்டை புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கைக்கு வந்தது. 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணையும் வரை அவர்களிடமே இருந்தது.

மலையேறும்போது வழியில் இரும்பு ஏணி ஒன்று தெரியும். ஏறிப் பார்த்தால் பாறைக்குள் குடைந்த சிறு அறையில் ஒரு சிவலிங்கம். உச்சிக்குப் போனால் காற்று ஆளைத் தள்ளும். ஊரும் வயலும் கண்மாய்களும் காலடியில் விரியும்.

தீரர் பிறந்த ஊர்

1887-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி இந்த ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெருமாளின் பெயரையே வைத்தார்கள். அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி.

காங்கிரஸ் மேடைகளில் அவர் பேச எழுந்தால் கூட்டம் அசையாது. 1936-ல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, செயலாளராக இருந்த இளைஞர் காமராஜர். பின்னாளில் முதல் மந்திரியான காமராஜர், சத்தியமூர்த்தியையே தம் குருவாக மதித்தார்.

1939-ல் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க பூண்டியில் ஏரி கட்ட வேண்டும் என்று முயன்றார். 1940-ல் வேலை தொடங்கியது. 1944-ல் ஏரி முடிந்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1943-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதியே காலமாகிவிட்டார். அந்த ஏரிக்கு இன்று சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். திருமயத்துப் பெருமாளின் பெயர், சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரியின் பெயராகிவிட்டது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது கோட்டையின் வடக்கு மதிலில் கோட்டை பைரவர் சந்நிதி வரும். ரோட்டைப் பார்த்தே நிற்கிறார். காரும் லாரியும் அங்கே வந்ததும் நிற்கும். டிரைவர் இறங்குவார், ஒரு தேங்காயை உடைப்பார், மறுபடியும் ஏறி வண்டியைக் கிளப்புவார்.