கார்டு அடிக்கிற நேரமும் கப்பல் கிளம்புகிற நேரமும்

பாசீர் கூடாங்கில் 27 வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன் நான். காலை ஷிப்டு ஏழு மணிக்கு. ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நாற்பது பேரும் கார்டு அடித்திருக்க வேண்டும். பிந்தினால் அவர்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள்; அவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் என் கணக்கு ஒருநாளும் வீட்டிலிருந்து தொடங்கியதில்லை. தொழிற்சாலை கேட்டில் தொடங்கிப் பின்னால் போகும். கேட் ஆறு ஐம்பது. மாசாய் ஆறு இருபது. பிளெந்தோங் ஆறு. பெர்மாஸ் ஜெயா ஐந்து நாற்பது. நான் எழுந்திருப்பது நாலே முக்கால்.

வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கணக்கு மறுபடி உதவியது ஒரு கப்பலில்.

மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிள்ளான், பூக்கெட், பினாங்கு என்று மூன்று இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு சிங்கப்பூருக்கே திரும்புகிற ஐந்து இரவுப் பயணம். ராத்திரி கப்பல் ஓடும், பகலில் கரையில் நிற்கும். நின்ற இடத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கப்பல்காரர்களே சுற்றுலா விற்கிறார்கள். பஸ், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து, விலை அமெரிக்க டாலரில். என் மனைவி அதை வெள்ளியாக மாற்றிப் பார்த்தாள். "என்னங்க, பினாங்குக்குப் போறதுக்கு நாம எதுக்கு டாலர் கொடுக்கணும்?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்த விலைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. கப்பலின் சுற்றுலா பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய் நாமாகப் பிந்தினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவிலேயே போய்ச் சேர வேண்டியதுதான்.

மலேசியர்களுக்கு இதில் ஒரு சிரிப்பும் உண்டு. பினாங்கில் கப்பல் விட்டுவிட்டுப் போனாலும் சுங்கை நிபோங்கில் லார்க்கின் பஸ் ஏறினால் வீடு வந்துவிடலாம். பெட்டி மட்டும் கடல் வழியாகத் தனியாக வரும். பூக்கெட்டில் விட்டால் சிரிக்க முடியாது.

சொந்தமாக இறங்கிச் சுற்ற நினைப்பவர்கள் முதலில் மறக்க வேண்டியது, அட்டவணையில் போட்டிருக்கும் மணியை. 'காலை 8 முதல் மாலை 5 வரை' என்றிருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். கப்பல் கட்டி, அதிகாரிகள் ஏறிப் பார்த்து, ஜனங்களை இறங்கவிட முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகிவிடும். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கிறது. அது கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முன்னாலும் இருக்கலாம், ஒரு மணி முன்னாலும் இருக்கலாம். முந்தின ராத்திரி அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் செயலியிலோ போட்டிருப்பார்கள். அதுதான் நம் கார்டு அடிக்கிற நேரம். அதற்கும் ஒரு மணி முன்னால் நான் ஒரு கேட் போட்டுக்கொள்வேன். ஒன்பது மணி நேரம் ஆறாகிவிட்டதா? அந்த ஆறில்தான் எல்லாம்.

முதல் சோதனை கப்பலுக்கு முன்பே, நம் வாசலில். ஜொகூர்க்காரனுக்குப் பாலம் தாண்டுவதே ஒரு பயணம். வேலை நாளில் விடியற்காலை அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற கூட்டம். வெள்ளி சாயங்காலமும் பள்ளி விடுமுறையும் வேறு மாதிரிக் கூட்டம். எங்கள் கப்பல் மாலையில் கிளம்புவது. வேலைக்காரர்கள் எல்லாம் போய் முடிந்த பிறகு, காலை ஒன்பதரைக்குப் பாலத்துக்குப் போனோம். உட்லண்ட்ஸில் சிவப்பு வழித்தட எம்ஆர்டி ஏறினால் மாறாமல் கடைசி நிறுத்தம் மரினா சவுத் பியர். அங்கிருந்து மரினா பே கப்பல் நிலையம் நடக்கிற தூரம்தான். பெட்டி கனமென்றால் டாக்சி.

மறுநாள் காலை போர்ட் கிள்ளான். துண்டறிக்கையில் 'கோலாலம்பூர்' என்றே பெரிதாக அச்சடித்திருந்தார்கள், பக்கத்தில் பொடி எழுத்தில் 'போர்ட் கிள்ளான்'. பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். அதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. கப்பல் கட்டுகிற நிலையம் போர்ட் கிள்ளான் பட்டணத்தில் இல்லை. பாலம் போட்டு இணைத்த பூலாவ் இண்டா தீவில் இருக்கிறது. கொமுட்டர் ரயில் நிற்கும் போர்ட் கிள்ளான் நிலையத்தைப் படத்தில் பார்த்து, கப்பலிலிருந்து இறங்கி நடந்து போய் ஏறிவிடலாம் என்று எங்கள் மேசையில் சாப்பிட்ட தம்பதி நினைத்திருந்தார்கள். முடியாது. வெளியே வந்தால் சாலையும் சரக்குப் பெட்டிகளும்தான்.

எங்கேயாவது கப்பலில் போவதற்கு முன் நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி இது: ஊர் பெயர் என்னவாகவும் இருக்கட்டும், கப்பலைக் கட்டுகிற இடம் எது? நிலையத்தின் பெயரை வாங்கிப் படத்தில் போட்டுப் பாருங்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், திரும்பி வருகிற அந்த மணியில் எத்தனை நிமிஷம் ஆகும் என்று பாருங்கள்.

பூலாவ் இண்டாவிலிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணிக்கு மேல். பத்துமலை நகரத்துக்கும் வடக்கே இருக்கிறது. திரும்பும்போது நெரிசல் பிடித்தால் இரண்டு மணியும் ஆகும். ஆறில் நாலு ரோட்டிலேயே போய்விடும். 272 படி ஏற முட்டியும் வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், தைப்பூசத்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போனோம். அரை மணியோ கொஞ்சம் கூடவோதான் ஆகும்.

கோயிலுக்குத்தான் முதலில். இது தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கப்பலில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். நிதானமாகப் பசியாறிவிட்டு இறங்கலாம் என்று உட்கார்ந்தால் பூட்டின கதவைத்தான் கும்பிட வேண்டும். சுந்தரராஜப் பெருமாளை நன்றாகப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வந்தோம். பூமாலைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் ஒரே தெருவில். மனைவிக்கு அங்கேயே இரண்டு மணி நேரம் போயிற்று. நான் 1857இல் ராஜா அப்துல்லா ஈயம் வைக்கக் கட்டின கிடங்கை வெளியிலிருந்து பார்த்து வந்தேன். கிள்ளானுக்குப் போக வர இதுவரை ஐம்பது தடவை அந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸும் ஓட்டியிருப்பேன். நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

இங்கே ஒரு வார்த்தை. கப்பல் நிலையத்திலிருந்து போகிற வண்டி கிடைப்பதைவிடத் திரும்பி வருகிற வண்டியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். தீவுக்கு வந்தால் திரும்ப ஆள் கிடைக்காது என்று சில ஓட்டுநர்கள் வர மறுப்பார்கள். நான் ஓட்டுநராக இருந்தவன், எனக்கு அது புரியும். காலையில் எங்களை இறக்கிய தம்பியிடமே திரும்பும் நேரத்தைப் பேசி, பாதிப் பணத்தை வந்தபின் தருவதாகச் சொல்லிவிட்டேன். மூன்று மணிக்குச் சொன்ன இடத்தில் நின்றான்.

பூக்கெட்டில் விஷயமே வேறு. அங்கே எங்கள் கப்பல் கரையில் கட்டவில்லை. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, டெண்டர் என்று சொல்லும் சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கினார்கள். கப்பலின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினவர்களுக்குத்தான் முதல் படகுகள். நமக்கு எண் போட்ட சீட்டுத் தருவார்கள், கூப்பிடும்போது போக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்று. அலை பெரிதாக இருந்தால் படகே இறக்க மாட்டார்கள். ஆகவே டெண்டர் போடுகிற ஊரில் எதற்கும் முன்கூட்டி முழுப் பணம் கட்டாதீர்கள். பாங்ஙா வளைகுடாவின் பாறைத் தீவுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் கப்பலின் சுற்றுலாவையே வாங்குங்கள். நெடுந்தூரம், சாலையும் படகும் மாறி மாறி. அங்கே சொந்தக் கணக்குப் போடுவது வீண் துணிச்சல்.

நாங்கள் எங்கும் போகவில்லை. கடற்கரையில் நடந்தோம், இளநீர் குடித்தோம். சூரியன் இறங்கின பிறகு மனைவி கால் பிடித்துவிடும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"கடைசிப் படகு எட்டு மணிக்குத்தானே? இப்பதான் ஆறே முக்கால் ஆகுது" என்று கைபேசியைக் காட்டினாள்.

என் கைக்கடிகாரத்தில் ஏழே முக்கால்.

தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைபேசி கரை ஏறினதும் தானாக மாறிக்கொள்கிறது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சில கப்பல்கள் அந்தந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிடும், சில மாற்றாது. அறிவிப்பைக் கவனித்துக் கேட்க வேண்டும். பழைய ஊசிக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து, இறங்கும்போது கட்டிக்கொள்வது நல்லது. அது தானாக எதையும் செய்யாது. கால் பிடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்ததற்காக மனைவி ராத்திரி பூரா என்னோடு பேசவில்லை. ஆனால் படகில் எங்களுக்குப் பின்னால் ஓடிவந்து ஏறின ஐந்தாறு பேரையும் அவள் பார்த்தாள்.

பினாங்கில்தான் கப்பல்காரர்களின் சுற்றுலா எனக்கு வேடிக்கையாகப் பட்டது. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி அறுபது வருஷம் ஆண்டதற்கு, வருஷத்துக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்தில் ஒரு சீனச் செல்வர் கட்டிக் கொடுத்தது. போரில் விழுந்த குண்டால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. குயின் தெரு மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது, நடக்கிற தூரம். லிட்டில் இந்தியாவும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதைச் சுற்றியே. இதற்கு பஸ் எதற்கு, கொடி பிடித்த வழிகாட்டி எதற்கு? பினாங்குக் குன்றுக்கு வேண்டுமானால் ரயில் ஏற மைகார்டைக் காட்டுங்கள், நமக்குக் கட்டணம் குறைவு. டாலர் கொடுத்துப் போகிறவனுக்கு அது கிடைக்குமா? ஆனால் வரிசை நீளமாக இருந்தால் ஏறாமல் திரும்பிவிடுங்கள். மேலே போனபின் இறங்கவும் ஒரு வரிசை உண்டு.

எனக்குப் பினாங்கில் வேறு வேலை இருந்தது. என் தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறினார். 1926 முதல் 1973 வரை நம் ஆட்களை இந்தக் கடலில் ஏற்றி இறக்கிய கப்பல் அது. தாத்தா டெக் பயணி. பினாங்கு வந்ததும் ஊருக்குள் விடவில்லை. நோய்த்தடுப்புக்கு ஜெரெஜாக் தீவில் இறக்கினார்கள். துணியை எல்லாம் வாங்கி ஆவியில் வேகவைத்துக் கொடுத்ததையும், ராத்திரியில் எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததையும் சொல்வார். பிறகு கெடாவில் ஒரு தோட்டம், போருக்குப் பின் ஜொகூர். பினாங்குப் பட்டணத்தை அவர் கடைசி வரை நடந்து பார்த்ததில்லை.

ஜெரெஜாக்கைக் கப்பலின் எந்தச் சுற்றுலாவும் காட்டாது. பினாங்குப் பாலத்துக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் கப்பல் வடக்குப் பக்கமாக வந்ததால் தளத்திலிருந்தும் தெரியவில்லை. ஆனால் குயின்ஸ்பே பேரங்காடிக்கு எதிர்க்கடலில் அதுதான்.

எல்லோரும் ஏற வேண்டியது ஐந்து மணி. என் கேட் நாலு. குயின்ஸ்பேயிலிருந்து துறைக்கு அரை மணி. நெரிசலுக்கு இன்னொரு அரை மணி. மூன்று மணிக்கு அங்கிருந்து எழுந்திருக்க வேண்டும். அப்படியே பின்னால் எண்ணி, காலையிலேயே கோயிலை முடித்து, இரண்டு நாசி கண்டார் பொட்டலம் கட்டிக்கொண்டு கிராப் எடுத்தோம். ஒன்றரைக்குக் கடலோரக் கல் திண்டில் உட்கார்ந்திருந்தோம்.

பச்சைக் காடு மூடிய தீவு. வேறெதுவும் தெரியவில்லை. நடுவில் மீன்பிடிப் படகுகள். எதிர்க்கரை விளக்குகள் என்று தாத்தா சொன்னது இந்தக் கரையைத்தான். நான் உட்கார்ந்திருந்த பக்கத்தை.

மனைவி பொட்டலக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "மணி என்னங்க? கிளம்பலாமா?"

"ரெண்டே முக்கால்" என்றேன். "இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கலாம்."