மழை விட்டும் வெள்ளம் ஏன் வடிவதில்லை?

மகாவலிக் கழிமுகத்தை அண்டிய தோப்பூரில் வானம் வெளுத்த பிறகும் வளவுக்குள் வெள்ளம் ஏறலாம். ஏன்? அது ஊரில் பெய்த மழை மட்டுமல்ல. 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி, மலைநாட்டு மழையையும் சுமந்துவந்துதான் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது அந்த ஆறு பெருக்கெடுத்தது நினைவிருக்கும்.

வந்த நீர் ஏன் தேங்குகிறது? கழிமுகச் சமவெளியில் சரிவு மிகக் குறைவு. வாடைக்காற்று வேறு கடல்நீரைக் கரையோரம் குவிக்கிறது. தாழமுக்கத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். ஆறு வெளியேறும் வாசலே அடைபடுகிறது. காலநிலை மாற்றத்தால் கடல் உயர உயர, இந்த அடைப்பு கூடும்.

எப்படிச் சமாளிப்பது? வீதியை உயர்த்துவார்கள். மதகு போதாவிட்டால் அந்த வீதியே அணைக்கட்டாகிவிடும்! மேட்டுக் கடை தப்பும். ஆனால் மலிவாகக் கிடைத்த பள்ளக்காணியில் குடியிருப்பவரின் கிணற்றில் மலசலகூடக் குழிநீர் கலக்கும். என் கணிப்பில், வீதியின் உயரத்துக்கு முன் மதகின் அகலத்தைக் கேட்க வேண்டும். மகாவலிச் சமவெளியின் வில்லுகள் எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகளையும் நிரப்பாமல் விட வேண்டும்: ஆறு பெருகும்போது அவை நீரை வாங்கிக்கொண்டு, வற்றும்போது மெல்லத் திருப்பிவிடும்.