டப்பாவின் பின்பக்கம்

க்ரூஸர் பைக்குக்கு எந்த ஆயில் நல்லது என்று கேட்டால் பலரும் ஒரு கம்பெனிப் பெயரைத்தான் சொல்வார்கள். பார்க்க வேண்டியதோ டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை. ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-இல் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்தவென்று கார் ஆயில்கள் சிலவற்றில் வழுக்கலைக் கூட்டும் ரசாயனம் சேர்ப்பதுண்டு. அது கிளட்ச் தட்டுகளின் பிடிப்பைக் கெடுத்துவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறும், வண்டிக்கு வேகம் வராது. அதனால்தான் 15டபிள்யூ-50 கிரேடோடு, கிளட்ச் வழுக்காது என்பதற்கான ஜாஸோ எம்ஏ2 முத்திரையையும் கம்பெனி கேட்கிறது.

“அந்தக் காலத்து புல்லட்டுக்குக் கார் ஆயில்தானே ஊற்றினோம்?” என்பார்கள். ஊற்றியிருக்கலாம், அதில் இன்ஜின் ஆயில் வேறு, கிளட்ச் ஆயில் வேறு, கியர் பெட்டி வேறு. ஆயில் மாற்றும்போது, ஃபில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வீண் சிக்கனமே. அதன் காகித மடிப்பு அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே இன்ஜினுக்குள் ஓடும். புது ஃபில்டரை மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் அதன் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.