அண்ணனும் தம்பியும் கூறிட்ட மலைநாடு

தந்தையின் நாடு மூத்த மகனுக்கே உரியது என்னும் முறை எங்கும் நிலவியதன்று. இடைக்கால ஜேர்மன் நாடுகளிலே பிரபுக்களின் மைந்தர் அனைவரும் நிலத்துக்கு உரித்தாளராயினர். அவர்கள் கூடி ஆளலாம். கூடாவிடின் கூறிட்டுக் கொள்ளலாம். இவ்வழக்கின் விளைவை அல்ப்ஸ் மலைநாட்டுக் கொரீசியாப் பிரபு குலத்தின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

இத்தாலியின் வடகிழக்கு எல்லையிலுள்ள கொரீசியாவை ஆண்ட அக்குலத்துக்கு, 1253இல் திரோல் நாடு மண உறவின் வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் 1258இல் தந்தை இறந்தபோது, மைந்தரான மைன்ஹாட்டும் அல்பேட்டும் சல்ஸ்பேர்க் அதிமேற்றிராணியாரின் பிணையாளராய் அடைபட்டிருந்தனர். அண்ணன் முன்னரும் தம்பி பின்னரும் விடுதலை பெற்றனர். சிறையில் ஒன்றாயிருந்தவர்கள் சில காலம் ஆட்சியிலும் ஒன்றாயிருந்தனர்.

1271இல் பிரிவினை நிகழ்ந்தது. பூஸ்டர் பள்ளத்தாக்கின் மேற்கு முனையில், மூல்பாக் என்னும் ஊரருகே, மலைகள் நெருங்கி நிற்கும் ஓர் இடுக்குவழி உண்டு. அதற்கு மேற்கே உள்ள திரோல் அண்ணனுக்கு. கிழக்கே உள்ள பள்ளத்தாக்கும் லீன்ஸ் நகரும் கொரீசியாவும் தம்பிக்கு. நிலம் பிரிந்ததேயன்றிப் பெயர் பிரியவில்லை. இரு கிளையினரும் 'கொரீசியா, திரோல் பிரபு' என்றே தம்மை அழைத்துக் கொண்டனர்.

ஆயினும் இரு பங்கும் ஒரே வழியிற் செல்லவில்லை. மைன்ஹாட்டின் பங்கிலே பிரென்னர் கணவாய் இருந்தது. ஜேர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே சென்ற வணிகர் அவருக்குச் சுங்கம் இறுத்தனர். அவர் கணக்கேடுகளை ஒழுங்காக எழுதுவித்தார். மெரானில் வெள்ளி நாணயம் அடிப்பித்தார். அந்நாணயத்தின் இரட்டைச் சிலுவைக் குறியே பிற்காலத்தில் ஒஸ்திரியாவில் வழங்கிய குரொய்ற்சர் என்னும் காசுக்குப் பெயர் தந்தது. 1286இல் கரிந்தியா நாடும் அவர் கைக்கு வந்தது. தம்பியின் வழியினரோ தம் பங்கை மேலும் கூறிட்டு மெலிந்தனர்.

வலிமை மிக்க கிளையே முதலில் அற்றது. மைன்ஹாட்டின் மகன் ஹென்றி 1335இல் ஆண் மகவின்றி இறந்தார். ஹென்றியின் மகள் மார்கரெத் 1363இல் திரோலை ஹப்ஸ்பேர்க் குலத்தாரிடம் ஒப்படைத்தார். ஒரே குலத்தவர் என்னும் உறவும், இரு கிளையினரும் பேணிய பட்டப்பெயரும் கொரீசியாக் கிளையினருக்குத் திரோலைப் பெற்றுத் தரவில்லை. அக்கிளையின் இறுதிப் பிரபு லெயோன்ஹாட் 1500இல் லீன்ஸில் மறைந்தார். அவருடைய நாடும் ஹப்ஸ்பேர்க் மன்னர் மக்சிமிலியனைச் சேர்ந்தது. அவர் பூஸ்டர் பள்ளத்தாக்கைத் திரோலுடன் இணைத்தார். 229 ஆண்டுகள் நின்ற எல்லை அழிந்தது.

இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மைன்ஹாட்டின் மகள் எலிசபெத் ஹப்ஸ்பேர்க் குலத்து முதலாம் அல்பேட்டை மணந்தவர்; மக்சிமிலியன் அவருடைய வழித்தோன்றல். ஆண்மக்கள் தமக்குள் கூறிட்ட நிலத்தைப் பெண்வழி வந்த பேரனே ஒன்றுசேர்த்தான். பங்கீட்டின்போது பங்கு பெறாத மகளின் வழியிலேதான் அந்நாடு முழுமை பெற்றது. மூல்பாக் இடுக்கில் நிற்கும் கோட்டையின் இடிபாடுகள் இன்று எந்நாட்டுக்கும் எல்லையல்ல.