கங்காணித் தாத்தாவின் பெயரை எழுதலாமா?

குடும்ப மரம் எழுத உட்கார்ந்தால், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பெயர் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் கங்காணி. "ஆசை காட்டி அழைத்து வந்து அடித்தவர்" என்பார்கள் ஒரு தரப்பினர். "பஞ்சத்தில் கிடந்த ஊருக்குப் பிழைப்புக் காட்டியவர்" என்பார்கள் மறு தரப்பினர். அவரைச் சேர்ப்பதா, விடுவதா?

முதலில் அவர் யார் என்று தெரிந்துகொள்வோம். கேமரன் மலையில் ஜே.ஏ.ரஸ்ஸல் 1929-ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அப்போது மலாயாவில் கங்காணி முறை நடப்பில் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்துத் துரை அவரை ஊருக்கு அனுப்புவார். அவர் உற்றார் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டி, நாகப்பட்டினம் அல்லது சென்னையில் கப்பலேற்றி அழைத்து வருவார். ஆளுக்கு இவ்வளவு என்று தரகு கிடைக்கும். அவருடைய ஆட்களில் தினமும் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அதற்கேற்பத் தலைக்காசும் உண்டு.

கோளாறு இங்கேதான். காய்ச்சலில் படுத்தவரையும் பெரட்டுக்கு விரட்டினால் கங்காணிக்கு லாபம். கொடுமைக்கு அவருடைய குணம் மட்டும் காரணமல்ல. கூலி கொடுத்த முறையும் காரணம். 1938-ஆம் ஆண்டு, செலவு கொடுத்து மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. ஆள்கட்டும் தொழில் அத்துடன் ஓய்ந்தது.

சரி, அவரைத் தேடுவது எப்படி? முதல் சிக்கல் பெயர். நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முத்துசாமி மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் ராமன் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கிராணியோ காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எனவே பெயர் மட்டும் போதாது. தகப்பன் பெயர், சொந்த ஊர், தாலுகா, வந்த ஆண்டு, இருந்த தோட்டம் ஆகியவையும் தேவை.

வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், பழைய கடப்பிதழ், 1948 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டை, ஊர்க் கடிதத்தின் அஞ்சல் முத்திரை, தோட்டக் கோயிலின் உபயக் கல் எல்லாமே தடயங்கள்தான். அடுத்து கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

அவரை விட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார். அவருடைய ஊர் தெரிந்தால், அதே லயத்தில் வாழ்ந்த மற்றக் குடும்பங்களுக்கும் பூர்வீகத்தைத் தேட ஒரு வழி பிறக்கும். அவர் பெயரை அழித்தால் அந்த வழியும் அடைபடும்.

ஆகவே பெயரை எழுதுங்கள். அடிபட்டவர்கள் சொன்ன கதையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.