இருட்டில் நிற்பவர்கள்

விளக்கு, படுதா, கயிறு, ஓசை: நாடகத்தைத் தாங்கும் கைகள் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. கூலி விஷயத்திலும் அவர்கள் கடைசி வரிசைதான்.

சுரங்கத்துக்குள் தீ. நிலக்கரியைக் காப்பாற்ற வேண்டுமானால் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். உள்ளே தொழிலாளர்கள் சிக்கியிருக்கிறார்கள். நிர்வாகம் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. கல்கத்தாவின் மினர்வா தியேட்டரில் 1959இல் அரங்கேறிய உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தின் உச்சக்கட்டம் இது. வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மனிதர்களை விழுங்குவதைப் பார்வையாளர்கள் கண்ணால் கண்டார்கள். மேடையிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தனையும் தபஸ் சென்னின் விளக்குகள் செய்த வேலை.

அசாமின் துப்ரியில் 1924இல் பிறந்து டெல்லியில் வளர்ந்த சென், இந்திய மேடை ஒளியமைப்பைத் தனிக் கலையாக நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். அவர் தொழிலுக்கு வந்த நாட்களில் பெரும்பாலான நாடகக் குழுக்களுக்கு வெளிநாட்டு விளக்குகள் எட்டாக் கனி. கைக்குக் கிடைத்த பொருளில்தான் வித்தை காட்டியாக வேண்டும். அதே ஆண்டு விஸ்வரூபா அரங்கில் நடந்த 'சேது' நாடகத்தில் ஒளியையும் ஓசையையும் மட்டுமே வைத்து ஒரு ரயிலையே மேடைக்குக் கொண்டுவந்தார். ரயிலைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. விளக்கு நடிப்பை விழுங்கிவிடுகிறது என்று முணுமுணுத்த விமர்சகர்களும் உண்டு. அந்தப் புகாரில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் 'அங்கார்' விஷயத்தில் அது செல்லாது. தண்ணீரைப் பார்க்காதவனுக்கு முதலாளியின் குற்றம் உறைக்காது.

மேடைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? மாலை ஆறரைக்கு நாடகம் என்றால் காலையிலேயே லாரி வந்துவிட வேண்டும். முதலில் மேலே தொங்க வேண்டியவை: விளக்குகள், படுதாக்கள். அதன் பிறகுதான் தரையில் அரங்கப் பொருட்கள். இந்த வரிசை மாறினால் மாடிப்படி செட்டுக்கு நடுவே ஏணி போட இடம் இருக்காது. அடுத்து ஒவ்வொரு விளக்கையும் திருப்பிக் குறிவைக்கும் வேலை. நேர் எதிரிலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும். உச்சந்தலைக்கு மேலிருந்து அடித்தால் கண்கள் இரண்டும் குழிகளாகிவிடும். அதனால்தான் பக்கவாட்டில், சுமார் 45 டிகிரி உயரத்திலிருந்து, இரண்டு பக்கமும் விளக்கு வைக்கிறார்கள். குறிவைக்கும் நேரத்தில் நடிகர்கள் பெரும்பாலும் ஒப்பனை அறையில் இருப்பார்கள். அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் உதவியாளர் பொம்மைபோல நின்று கண் கூசிக்கொண்டிருப்பார்.

மின்சாரக் கணக்கு இன்னொரு தலைவலி. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இருபத்து நான்கு விளக்குகள் ஒருசேர எரிந்தால் நூறு ஆம்பியரைத் தாண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரே பிளக்கை நம்பி நாடகம் போடுகிறவர்கள் முதல் காட்சியிலேயே ஃப்யூஸைப் பறிகொடுப்பது இதனால்தான்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க அந்தக் காலத்தில் உப்புநீர் டிம்மர் இருந்தது. பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீர், அதில் இரண்டு உலோகத் தகடுகள். தகடுகள் நெருங்கினால் வெளிச்சம் கூடும், விலகினால் குறையும். தண்ணீர் கொதிக்கும். கை தவறினால் உயிர் போகும். மங்கலான சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னால் ஒருவர் மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியருகே குந்தியிருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இன்று கணினிப் பலகை வந்துவிட்டது. எல்.இ.டி. விளக்குகள் மின்செலவையும் சூட்டையும் வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனாலும் பழைய டங்ஸ்டன் விளக்கு மங்கும்போது தானாகச் சிவந்து வரும் அந்த அழகுக்குப் பழையவர்கள் இன்னும் ஏங்குகிறார்கள். ஏக்கம் நியாயமானதே.

நாடகம் தொடங்கிவிட்டால் இயக்குநருக்கு வேலையில்லை. ஆட்சி அரங்க மேலாளருடையது. வசனப் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் ஓசைக்கும் எண் போட்டு வைத்திருப்பார். சற்று முன்னதாக எச்சரிக்கை, பிறகு 'கோ' என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல் வரும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. துப்பாக்கி நீட்டப்பட்டு, வெடிச் சத்தம் அரை வினாடி தாமதமாக வந்தால் சோகக் காட்சிக்குச் சிரிப்பொலிதான் கிடைக்கும்.

இந்தத் தொழிலைப் பள்ளிக்கூடம் போகாமலே கற்றவர்கள் ஆந்திரத்தின் சுரபி குடும்பத்தார். கடப்பா மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் 1885இல் தொடங்கிய மரபு. குழந்தைகள் நாடகக் குழுவிலேயே பிறந்து வளர்ந்து வேஷம் கட்டுகிறார்கள். 'மாயாபஜார்' போன்ற புராண நாடகங்களில் ஆட்கள் ஆகாயத்தில் பறப்பார்கள், அம்புகள் நடுவானில் மோதும். ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களில் தந்திரக் காட்சிகளைப் பார்த்து வாய்பிளந்த தமிழ் ரசிகர்களுக்கு இது அந்நியமாகப் படாது. கம்பியும் கயிறும் கப்பியும்தான் மூலதனம். இந்தக் காட்சியில் பறந்தவர் அடுத்த காட்சியில் கயிற்றைப் பிடிப்பார். தன்னைத் தூக்குகிறவர் அண்ணனோ மாமனோ என்பதால் பறக்கிறவருக்குப் பயம் இல்லை. குழுவின் தலைவராக இருந்த சுரபி பாப்ஜி என்ற ஆர். நாகேஸ்வர ராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் 2022இல் காலமானார்.

நகரத்து அரங்குகளில் கயிற்றின் மறுமுனையில் உறவினர் இல்லை. தினக்கூலி ஆள் இருக்கிறார். பல கிலோ எடையுள்ள விளக்கு நடிகர்களின் தலைக்கு மேல் தொங்குகிறது. கொக்கி நழுவினால் தாங்குவதற்கு இரண்டாவதாக ஒரு கம்பிச் சங்கிலி மாட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவசரத்திலும் சிக்கனத்திலும் முதலில் பலியாவது அந்தச் சங்கிலிதான். ஏணியைப் பிடிக்கக் கீழே ஆள் இல்லாமல் மேலே ஏறுவதும் சகஜம். விழுந்தால் காப்பீடு கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் அரங்குகள் மூடப்பட்டபோது நடிகர்களில் சிலருக்காவது தொலைக்காட்சி, சினிமா என்று வேறு வாசல் இருந்தது. விளக்குக் கட்டுகிறவருக்கும் படுதா இழுக்கிறவருக்கும் அரங்கு ஒன்றே வாசல்.

கௌரவம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தபஸ் சென்னுக்கு 1974இல் சங்கீத நாடக அகாதெமி விருது வந்தது. அவருடன் 'ரக்தகரபி'யில் பணியாற்றிய அரங்க வடிவமைப்பாளர் காலித் சௌதுரிக்கு 2012இல் பத்மபூஷண். வடிவமைத்தவர் பெயர் விருதுப் பட்டியல்வரை போகிறது. ஏணியில் ஏறியவர் பெயர் நிகழ்ச்சி நிரல் தாளின் கடைசி வரிக்கே வருவது அபூர்வம். அச்சுச் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான்.

கொல்கத்தாவின் அகாதெமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் மேடையேறுவது வழக்கம். பிற்பகல் நாடகத்தின் கைதட்டல் ஓயும் முன்பே பக்கத் திரைக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் தொடங்கிவிடும். நடிகர்கள் ஒப்பனையைக் கலைத்து முடிப்பதற்குள் அரண்மனை பலகைகளாகி, பலகைகள் வெளியே போய்ச் சேர்ந்திருக்கும். வாசலில் மாலைக் குழுவின் வண்டி காத்திருக்கும்.